கிளிப் போட்டாச்சு, இனி எப்படிச் சாப்பிடுவது? குமரி வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

பல்லுக்கு கிளிப் போட்டவர்களுக்கு ஊரார் சொல்லும் ஆறுதல் ஒன்றுதான்: "ஒரு வாரம் கஞ்சி குடி, சரியாயிடும்." இது பாதிதான் சரி. வலி ஒரு வாரத்தில் போய்விடும், அது உண்மை. ஆனால் அந்த வாரம் முழுக்கக் கஞ்சியே குடிக்க வேண்டியதில்லை. வாரம் முடிந்ததும் பழையபடி ஏத்தங்காய் சிப்ஸைக் கடிக்கவும் முடியாது. எங்கள் வீட்டில் இரண்டு பேர் கிளிப் போட்டு முடித்தவர்கள். அவர்களைப் பார்த்ததில் தெரிந்தது, முதல் வாரத்தில் கிளிப்புக்கு ஆபத்து குறைவு. வலிக்கிறபோது யாரும் எதையும் கடிப்பதில்லை. வலி அடங்கி, 'இனி ஒன்றுமில்லை' என்று தோன்றும் மூன்றாம், நான்காம் வாரத்தில்தான் பல்லில் ஒட்டிக் கம்பியைப் பிடித்து நிற்கும் பிராக்கெட் கழன்று கையில் வரும். அதனால் முதல் வாரத்துக்கு வேண்டியதை விரிவாகவும், அதற்குப் பிறகு கவனிக்க வேண்டியதை அழுத்தியும் சொல்கிறேன்.

நாள் குறிக்கும்போதே

பள்ளிக்கோ வேலைக்கோ போகிறவர்கள் வெள்ளி மாலை அல்லது சனி காலையில் நேரம் கேளுங்கள். கிளிப் போட்டு நாற்காலியை விட்டு எழும்போது பெரும்பாலும் வலி இருக்காது, உதட்டுக்கு உள்ளே ஒரு நெருடல் மட்டும் இருக்கும். நாலு மணி நேரம் போல ஆனதும் வலி மெல்லத் தொடங்கும். மறுநாள் உச்சம். மூன்றாம் நாளிலிருந்து இறங்கி, ஏழாம் நாளுக்குள் பெரும்பாலானவர்களுக்கு அடங்கிவிடும். சனிக்கிழமை போட்டால் உச்ச வலி ஞாயிறன்று வீட்டோடு கழிந்துவிடும்.

பேச்சிப்பாறை, திற்பரப்பு பக்கமிருந்து நாகர்கோவிலுக்கோ மார்த்தாண்டத்துக்கோ பஸ் ஏறுகிறவர்கள் வெறும் வயிற்றோடு கிளம்ப வேண்டாம். பிராக்கெட் ஒட்டி முடிய ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஆகலாம். குலசேகரத்தில் இருப்பது போன்ற பல் மருத்துவக் கல்லூரிகளில் மேற்படிப்பு மருத்துவர்கள் ஒட்டி, பேராசிரியர் வந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்பதால் இன்னும் கொஞ்சம் இழுக்கும். போகுமுன் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகப் பல் தேய்த்துவிட்டுப் போங்கள்.

சிலருக்குக் கடைவாய்ப் பல்லில் உலோக வளையம் மாட்ட வேண்டியிருக்கும். அதற்கு இடம் உண்டாக்க, சில நாள் முன்னதாகவே பற்களுக்கு நடுவில் சின்ன ரப்பர் வளையங்களைச் செருகிவிடுவார்கள். ஆட்டிறைச்சி நார் மாட்டிக்கொண்ட மாதிரி அது உறுத்திக்கொண்டே இருக்கும். குச்சி விட்டுக் குத்தாதீர்கள், அந்த இடத்தில் நூல் போட்டும் இழுக்காதீர்கள். தானாக விழுந்துவிட்டால் போன் செய்து சொல்லிவிடுங்கள்.

வீட்டில் முன்கூட்டியே இருக்க வேண்டியவை: மென்மையான டூத் பிரஷ், பல்லிடுக்கில் நுழைகிற சின்ன பிரஷ், ஃபுளோரைடு உள்ள பேஸ்ட், பாராசிட்டமால், பிறகு கிளிப்புக்கான மெழுகு. இந்த மெழுகு எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது. கிளினிக்கிலேயே ஒரு டப்பிக்கு இரண்டாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ரப்பரின் நிறம். பிராக்கெட்டில் கம்பியைப் பிடித்து நிற்கிற குட்டி ரப்பர்களை என்ன நிறத்தில் போடட்டும் என்று கேட்பார்கள். வெளியே தெரியக் கூடாது என்று பலரும் நிறமில்லாததைச் சொல்வார்கள். நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு அது ஒத்துவராது. இரண்டு வேளை மீன்குழம்பு சாப்பிட்டாலே மஞ்சள் ஏறி, பல் தேய்க்காதவர் போல ஆகிவிடும். சாம்பலோ கருநீலமோ கேளுங்கள். நிறமில்லாததைப் போட்டுவிட்டாலும் கவலையில்லை, அடுத்த முறை இறுக்கும்போது மாற்றிவிடுவார்கள்.

வலி எதனால்

பல் எலும்பில் நேராக ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் இடையே கால் மில்லிமீட்டர் அளவுக்கும் குறைவான ஒரு நார்ப்படலம் இருக்கிறது. கம்பி பல்லைத் தள்ளும்போது ஒரு பக்கம் அந்தப் படலம் நசுங்கும், மறுபக்கம் இழுபடும். நசுங்கிய இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்து, அழற்சி உண்டாக்கும் ரசாயனங்கள் சுரக்கும். வலி அதனால்தான். அதே அழற்சிதான் ஒரு பக்கம் எலும்பைக் கரைத்து மறுபக்கம் புதிதாக வளரவும் வைக்கிறது. பல் நகர்வது அப்படித்தான், மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். பல் லேசாக ஆடுவதாகத் தோன்றுவதும் இதனால்தான். விழுந்துவிடுமோ என்று விரலால் ஆட்டிப் பார்க்காதீர்கள்.

இந்த வலி சும்மா இருக்கும்போது ஒரு மந்தமான அழுத்தமாக இருக்கும், கடித்தால்தான் சுரீர் என்று ஏறும். ஆகவே பாதி மருந்து சாப்பிடும் முறையிலேயே இருக்கிறது. மாத்திரை என்றால் பாராசிட்டமால்தான் முதலில். முதல் மாத்திரையை வலி தொடங்கும் முன்னரே போட்டுக்கொள்ளலாமா, எத்தனை மணிக்கு ஒன்று என்று கிளினிக்கிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு அளவு எடையைப் பொறுத்தது, அப்பாவுக்கு வாங்கி வைத்த மாத்திரையை உடைத்துக் கொடுப்பது சரியில்லை. கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் தினமும் மது குடிப்பவர்களும் கேட்காமல் பாராசிட்டமாலைத் தொடக் கூடாது.

ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகள் வலியை நன்றாகவே குறைக்கும். ஆனால் பல்லை நகர்த்துகிற அழற்சியையே அவை அடக்குவதால், நாள்கணக்கில் போட்டால் நகர்வு மந்தமாகலாம் என்று மருத்துவர்கள் யோசிப்பார்கள். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் கேட்காமல் போடவே கூடாது. நம் மாவட்டத்தில் இரண்டு மழைக்காலம். கிளிப் போட்ட சமயத்தில் காய்ச்சலும் வந்தால் அது டெங்குவாகவும் இருக்கலாம். அப்போது ஐபுபுரோஃபெனோ ஆஸ்பிரினோ போடுவது ஆபத்து.

கிராம்புத் தைலம் தடவலாமே என்று பாட்டிமார் சொல்வார்கள். மாறாமலைப் பக்கத்துக் கிராம்பு புவிசார் குறியீடு வாங்கியது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சொத்தைப் பல் வலி ஓரிடத்தில் இருப்பது, கிளிப் வலி எல்லாப் பல்லின் வேரிலும் இருப்பது. மேலே தடவும் தைலம் வேருக்குப் போகாது. சுத்தத் தைலம் பட்டால் ஈறுதான் வெந்துபோகும்.

குளிர்ச்சி நிஜமாகவே உதவும். முதலில் போடுவது பெரும்பாலும் நிக்கல் டைட்டானியக் கம்பி. அதில் பல வகைகள் வாயின் சூட்டில்தான் முழு பலத்தோடு இழுக்கும், குளிர்ந்தால் சற்றுத் தளரும். ஐஸ் வாட்டர், குளிர்ந்த மோர், சீசனாக இருந்தால் நொங்கு எதுவானாலும் சரி. ஐஸ் கட்டியைக் கடிப்பது மட்டும் வேண்டாம்.

முதல் மூன்று நாள் சாப்பாடு

கிளினிக்கிலிருந்து வந்ததும் வலி தொடங்கும்வரை கிடைக்கிற அந்தச் சில மணி நேரத்தை வீணாக்காதீர்கள். பிராக்கெட் பசையைப் பெரும்பாலும் நீல ஒளி காட்டி அங்கேயே இறுக வைத்துவிடுவார்கள். மருத்துவர் வேறு சொல்லாவிட்டால், வந்தவுடன் வயிறு நிறைய மெத்தென்ற சாப்பாடு சாப்பிடலாம். ராத்திரி வலி ஏறியபின் பசி இருந்தாலும் வாய் ஒத்துழைக்காது.

புதிதாகக் கிளிப் போட்டவர்கள் ஐஸ்கிரீமும் ஜூஸுமாக மூன்று நாள் ஓட்டிவிட்டு, நாலாம் நாள் தலைசுற்றி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். தேவையே இல்லை. குமரிச் சமையலில் பாதி ஏற்கெனவே குழைவானதுதான். சாப்பாட்டை மாற்ற வேண்டாம், பதத்தை மாற்றினால் போதும்.

மரச்சீனிக் கிழங்கிலிருந்து தொடங்கலாம். வேகவைத்து, நடுநாரை உருவி எறிந்துவிட்டு, சூட்டோடு மத்தால் நன்றாக மசித்துக்கொள்ளுங்கள். மேலே மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்தால் மெல்லவே வேண்டாம். மீன் எது என்பதுதான் கேள்வி. விளமீன், பாறை போன்றவற்றில் முள் பெரிது, எடுத்துவிடலாம். சாளையில் பொடி முள் அதிகம், கம்பிக்கும் பல்லுக்கும் நடுவே போய் நிற்கும். மண்சட்டியில் முள்ளே மெத்தென்று ஆகும்வரை வெந்திருந்தால் மட்டும் சாளை சாப்பிடலாம். பொரித்த நெத்தோலி, கருவாடு, கணவாய், சிப்பி எல்லாம் இந்த வாரம் வேண்டாம். கணவாயும் சிப்பியும் கடினமில்லைதான், ஆனால் மென்றுகொண்டே இருக்க வேண்டும், அதுதான் வலி.

புட்டு பலருக்கும் சிக்கல். உதிரி மாவும் தேங்காய்த் துருவலும் பிராக்கெட் ஒன்றுவிடாமல் போய் அடைந்துகொள்ளும். தேங்காய் குறைத்து அவித்து, கனிந்த மட்டிப் பழமோ ரசகதலியோ போட்டுப் பிசைந்து, கொஞ்சம் பால் விட்டு உருட்டிச் சாப்பிடலாம். கடலைக்கறி வேண்டுமென்றால் கடலையை மசித்துவிடுங்கள். பப்படம் முதல் வாரம் பக்கத்தில் வர வேண்டாம், பின்னாளில் சாம்பாரில் ஊறியபின் சாப்பிடலாம்.

இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், ஆப்பத்தின் நடுப்பகுதி, இட்லி, குழைந்த உப்புமா, சம்பா அரிசிக் கஞ்சி, அதோடு குழைய வெந்து மசித்த சிறுபயறு. அவித்த ஏத்தன் பழம் வலி உள்ள வாய்க்கென்றே செய்த மாதிரி இருக்கும்; தோலோடு அவித்து, நடுவிலுள்ள கருப்பு விதைநாரை எடுத்துவிட்டு மசியுங்கள். முட்டையைப் பொரிக்காமல் அவித்தோ, பால் கலந்து கிண்டியோ கொடுங்கள். மீன், முட்டை, பயறு மூன்றில் ஒன்று ஒவ்வொரு வேளையும் இருந்தால் சோர்வு வராது. சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் கிளிப் போட்டிருந்தால் கஞ்சியும் பழமும் மட்டும் என்று இறங்கிவிடாமல் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும், மாத்திரை அளவைப் பற்றி முன்னமே கேட்டுக்கொள்ளவும் வேண்டும்.

கடைச் சாப்பாடுதான் என்றால் நாகர்கோவில் டீக்கடை ரசவடை இருக்கவே இருக்கிறது. நன்றாக ஊறியதாகப் பார்த்து வாங்கி, கரண்டியால் உடைத்துச் சாப்பிடுங்கள். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவில் கால் மணி நேரம் ஊறவிட்டால் நாலாம் நாளுக்குமேல் முயன்று பார்க்கலாம்.

சிலருக்குக் கடைவாய்ப் பல்லின் மேல் நீல நிறத்தில் சின்ன மேடு வைத்துவிடுவார்கள். மேல்பல் கீழே உள்ள பிராக்கெட்டில் இடித்து அதைப் பெயர்க்காமல் இருக்கத்தான் அது. அப்படி வைத்தவர்களுக்கு மற்றப் பற்கள் ஒன்றோடொன்று சேரவே சேராது. எதையும் மெல்ல முடியாமல் முழுங்கித் தொலைக்க வேண்டியதாக இருக்கும். அவர்களுக்கு மிக்ஸிதான் துணை. இரண்டு மூன்று வாரத்தில் நாக்கும் தாடையும் பழகிக்கொள்ளும்.

வாய்ப்புண், குத்தும் கம்பி

பல் வலியைவிட, கன்னமும் உதடும் பிராக்கெட்டில் உரசி வரும் புண்தான் பலரையும் அழவைப்பது. வலி இறங்கத் தொடங்கும் நாளில் இது ஆரம்பிக்கும். மெழுகு இதற்குத்தான். கையைக் கழுவி, பயறு அளவு மெழுகைக் கிள்ளி விரல் சூட்டில் உருட்டுங்கள். உரசும் பிராக்கெட்டை ஒரு துணியாலோ டிஷ்யூவாலோ நன்றாகத் துடைத்து, ஈரம் போனபின் மெழுகை அழுத்தி ஒட்டுங்கள். ஈரத்தில் ஒட்டினால் நிற்காது. 'மெழுகு சரியில்லை' என்று குறைப்படுகிறவர்கள் பலரும் இந்த ஒரு படியைத் தாண்டிப் போனவர்கள்தான். சாப்பிடும் முன்பும் பல் தேய்க்கும் முன்பும் எடுத்துவிட்டு, பிறகு புதிதாக வையுங்கள். தெரியாமல் கொஞ்சம் விழுங்கிவிட்டால் ஒன்றும் ஆகாது.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, நாளைக்கு மூன்று நாலு தடவை கொப்பளியுங்கள். புண் உள்ள நாளில் புளிக்குழம்பு, கொடம்புளி போட்ட மீன்கறி, காந்தாரி மிளகாய் எல்லாம் எரியும். தேங்காய்ப்பால் விட்ட கறிக்கு மாறிக்கொள்ளலாம். சுக்குக் காப்பியை ஆறவிட்டுக் குடியுங்கள். புண்ணுக்குத் தடவும் மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

சர்ச் பேண்டில் டிரம்பெட், கிளாரினெட் வாசிக்கும் பிள்ளைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். டிரம்பெட் ஊதும்போது உதடு பிராக்கெட்டில் நேராக அழுந்தும், இரண்டு வாரம் வாத்தியாரிடம் சொல்லி ஓய்வு வாங்குங்கள். அப்புறம் முன்பல் முழுக்க மெழுகு வைத்துக்கொண்டு சிறிது சிறிதாகத் தொடங்கலாம். டிசம்பரில் கேரல் ரவுண்டு வரும் என்று தெரிந்தே நவம்பர் கடைசியில் கிளிப் போடுவது நல்ல யோசனை இல்லை.

கடைசிப் பல்லுக்குப் பின்னால் கம்பி நீண்டு கன்னத்தில் குத்தினால், பென்சிலின் ரப்பர் முனையாலோ காது பட்ஸாலோ மெல்ல பல்லோடு ஒட்டி மடக்கப் பாருங்கள். முடியாவிட்டால் மேலே மெழுகு வைத்துவிட்டு கிளினிக்குக்குப் போங்கள், வெட்டிவிட இரண்டு நிமிஷம்தான் ஆகும். நகவெட்டியை எடுத்து வீட்டிலேயே வெட்டும் வீரம் வேண்டாம். வெட்டின துண்டு தொண்டைக்குள் போகக்கூடும்.

பல் தேய்ப்பது

வலிக்கிறதே என்று முதல் வாரம் பிரஷைத் தள்ளி வைப்பவர்கள் உண்டு. அழுக்கு சேர்ந்தால் ஈறு வீங்கும், வலி கூடும். அதைவிட மோசம், பிராக்கெட்டைச் சுற்றி அமிலம் அரித்து வெள்ளைப் புள்ளிகள் விழும். கிளிப்பைக் கழற்றியபின் நேரான பல்லில் அந்தப் புள்ளிகள் சட்டம் போட்ட மாதிரி நிற்கும், எளிதில் போகவும் போகாது.

பிரஷைச் சாய்த்து, பிராக்கெட்டுக்கு மேலிருந்து கீழ்நோக்கி ஒரு தடவை, கீழிருந்து மேல்நோக்கி ஒரு தடவை, பிறகு ஈறு ஓரம். கம்பிக்கு அடியில் சின்ன பிரஷை நுழைத்து எடுங்கள். மதியம் வெளியில் இருந்தால் தண்ணீரையாவது வாயில் விட்டு பலமாகக் கொப்பளியுங்கள். துவரனில் உள்ள தேங்காய்த் துருவலில் முக்கால்வாசி அதிலேயே வந்துவிடும். உமிக்கரி, உப்பு, பற்பொடி எதுவும் இப்போது ஆகாது. இனிப்பு டீயையும் அக்கானியையும் (பதநீர்) நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சப்பிக்கொண்டிருக்காமல் ஒரே மூச்சில் குடித்து வாயைக் கொப்பளித்துவிடுவது நல்லது.

வலி போனபிறகு

இங்கேதான் கிளிப் உடைகிறது. சாப்பிட முடிகிறது என்பதற்காக எல்லாவற்றையும் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. முன்பல்லால் கடித்து இழுப்பது, கிளிப் இருக்கும்வரை, அதாவது பெரும்பாலும் ஒன்றரை இரண்டு வருஷத்துக்கு, கிடையாது. ஆப்பிளோ கொய்யாவோ கத்தியால் சிறு துண்டாக்கி கடைவாயில் வைத்து மெல்ல வேண்டும். மாம்பழத்தைச் சீவித் தின்னலாம், கொட்டையைச் சப்பி இழுக்கக் கூடாது.

அடியோடு விட வேண்டியவை: ஏத்தங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து, கடினமான முறுக்கு, கடலை மிட்டாய், கரும்பு, தேங்காய்ச் சில்லு, எலும்பு கடிப்பது, சூயிங்கம். முந்திரிக்கொத்தைக் கேட்டால் வருத்தமாகத்தான் இருக்கும். பாலில் நன்றாக ஊறவைத்து, கரண்டியால் உடைந்தால் மட்டும் தின்னுங்கள். பனங்கிழங்கும் முருங்கைக்காயும் நாரால் ஆகாதவை. அவியலில் முருங்கைக்காயைச் சப்பாமல், சதையை மட்டும் கரண்டியால் வழித்துக்கொள்ளலாம். சக்கைப்பழத்தில் வருக்கையைத் துண்டு துண்டாக நறுக்கிச் சாப்பிடலாம். கூழன் மெத்தென்றுதான் இருக்கும், ஆனால் அதன் நார் கம்பியில் சுற்றிக்கொண்டால் எடுப்பதற்குள் விடிந்துவிடும்.

கல்யாண இலையில் உட்கார்ந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பருப்பும் நெய்யும், எரிசேரி, புளிசேரி, ரசம், மோர் எல்லாம் தாராளமாக ஆகும். போளியைப் பாயசத்தில் ஊறவிட்டால் அதுவும் ஆகும். சிப்ஸையும் சர்க்கரை வரட்டியையும் பக்கத்து இலைக்காரருக்குத் தள்ளிவிடுங்கள், அவர் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

நாலு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை இறுக்கும்போது வலி மறுபடி வரும். முதல் தடவை அளவுக்கு இருக்காது, இரண்டு மூன்று நாளில் அடங்கும். அந்த நாளுக்கு வீட்டில் அரைத்த இட்லி மாவும் ஒரு சீப்பு மட்டிப் பழமும் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

பிராக்கெட் கழன்றால் அதைத் தூக்கி எறியாமல் ஒரு டப்பியில் போட்டு வைத்து, அடுத்த வேலை நாளிலேயே கிளினிக்கைக் கூப்பிடுங்கள். அடுத்த முறைக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு மாதம் விட்டால், அந்தப் பல் பின்னால் போய்விடும், சிகிச்சையும் நீளும். விழுங்கிவிட்டால் பெரும்பாலும் தானாக வெளியே வந்துவிடும், இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். விழுங்கியபின் இருமல் நிற்காமல் வந்தாலோ மூச்சு இளைத்தாலோ அது மூச்சுக்குழலில் போயிருக்கலாம். அப்போது பல் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திராமல் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் அவசரப் பிரிவுக்குப் போங்கள். முகம் வீங்குவது, காய்ச்சல், ஈறில் சீழ், வாயைத் திறக்க முடியாமல் போவது, ஒரே ஒரு பல்லில் மட்டும் நாளுக்கு நாள் கூடும் வலி, இவை கிளிப் வலி அல்ல. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.